மகளின் கழுத்தில் முளைத்த முத்துகள்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கணவருக்கு மத்திய அரசு வேலை என்பதால் தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

ஒருநாள் தலை பின்னும்போது அவள் கழுத்தில் சின்னச் சின்னப் பருக்களைப் பார்த்தேன். முத்துப் போன்ற பளபளப்பு. ஒவ்வொன்றின் நடுவிலும் தொப்புள் மாதிரி ஒரு குழி. வியர்க்குரு என்று பவுடர் போட்டேன். "அம்மா, இங்கே குஜ்லி ஆகுது" என்று அரிப்பைப் பள்ளி ஹிந்தியில் சொல்லி அவள் சொறிய, கோடு போட்ட மாதிரி அக்குள் வரை பரவிவிட்டது. பக்கத்து வீட்டம்மா "மாதா வந்திருக்கு" என்று, அம்மைதான் என்று பயந்து, தன் பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கமே விடவில்லை. பள்ளியிலும் சரியான பிறகு அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் காப்பித்தூள் வாங்கப் போனவள், வழியில் இருந்த பிரௌசிங் சென்டருக்குள் நுழைந்தேன். அந்தப் பருக்களின் அடையாளத்தை ஒவ்வொன்றாகத் தட்டித் தேடினேன். குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் வைரஸ் தொற்று என்றுதான் முதலில் போட்டிருந்தது. ஆனால் கீழே ஒரு வரி: எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இது அதிகமாக வரும்.

காப்பித்தூள் வாங்காமலே வீடு திரும்பினேன். மகளுக்கு நாலு வயதில் டெங்கு வந்து, பிழைப்பாளா என்ற நிலையில் ரத்தம் ஏற்றியிருந்தோம். யாருடைய ரத்தமோ!

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இருமினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடுமோ என்ற பயம். அவரும் அந்த நாட்களில் சரியாகப் பேசவில்லை. ஆபீஸ் தொல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனோம். வயதான பஞ்சாபிப் பெண்மணி. லென்ஸ் வைத்துப் பார்த்தார். மகளைக் கம்பவுண்டரம்மாவோடு வெளியே அனுப்பிவிட்டு, நான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் தன் உடைந்த ஹிந்தியில், இவளுக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறோம், இது அந்த நோயாக இருக்குமா என்று கேட்டுவிட்டார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். உன்கிட்ட சொன்னா தாங்க மாட்டியேன்னு..."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டேன்.

மருத்துவர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கே இது சகஜமாக வருமாம். தொட்டால், ஒரே துண்டைப் பயன்படுத்தினால் ஒட்டிக்கொள்ளும். இதை மட்டும் வைத்து அந்த நோய் என்று சொல்லவே முடியாது, தானம் வாங்கும் ரத்தத்தையும் சோதித்துத்தான் ஏற்றுவார்கள் என்றார். "ஆனாலும் உங்கள் நிம்மதிக்காக டெஸ்ட் எடுத்துவிடலாம், பேட்டி" என்று தன் மகளைக் கூப்பிடுவது போலச் சொல்லி என் தோளைத் தட்டினார்.

முடிவு வரும்வரை வீட்டில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னபோது கணவர் அங்கேயே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

பருக்களுக்கு வைத்தியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மகளுக்குத் தனித் துண்டு, ஒட்ட வெட்டிய நகம், கழுத்தை மூடும் சட்டை. ஊசியால் குத்தவோ கிள்ளவோ கூடாது. மூடிக்கொண்டு தாராளமாகப் பள்ளிக்குப் போகலாம் என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். நடுவில் சில பருக்கள் சிவந்து வீங்கியபோது மறுபடி பதறி ஓடினேன். உடம்பு எதிர்த்துப் போராடுகிறது, போகப்போகும் அறிகுறி என்று சிரித்தார். அடுத்த குளிர்காலத்துக்குள் தழும்பில்லாமல் மறைந்தே போயின.

இன்றும் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஒன்றென்றால், மருத்துவரிடம் கிளம்பும் முன் நானும் அவரும் உட்கார்ந்து, மனசுக்குள் இருக்கும் மிக மோசமான பயம் எதுவோ அதை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகச் செத்துப் பிழைத்த அந்த நாட்கள் மறுபடி வேண்டவே வேண்டாம்.