அமெரிக்கப் பாடகிக்கு நான் எழுதிய தகப்பன்

1. பதினோரு நிமிடச் சரக்கு

புதன்கிழமை பகல் இரண்டு மணி. மறுநாள் காலை பதினொன்றுக்கு நிகழ்ச்சி. இருபத்தைந்து நிமிடம் பேச வேண்டும். என் ஸ்கிரிப்டில் பதினோரு நிமிடத்துக்குத்தான் சரக்கு இருந்தது.

யாங்கோனில் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தில் அப்போது நான் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தேன். மேல்நாட்டுப் பாடகர் ஒருவரின் வாழ்க்கையை ஆறு வாரமாகப் பிரித்துச் சொல்லும் நிகழ்ச்சி, நடுநடுவே பாட்டு. அந்த முறை எடுத்துக்கொண்டது ஓர் அமெரிக்கப் பாடகியை. எங்கள் ஊர் டீக்கடைகளில் அவர் குரல் கேட்காத நாள் கிடையாது. பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என் ஆதாரம் பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று. முதல் ஆல்பம், விருதுகள், விவாகரத்து, குரல் போனது, மறுபடி மேடை ஏறியது என்று எல்லாம் இருந்தது. குழந்தைப் பருவம் மட்டும் இரண்டே பத்தி. சின்ன ஊர். சர்ச்சில் பாடினார். தகப்பன் சீக்கிரம் போய்விட்டார். செத்துப் போனாரா, விட்டுப் போனாரா என்றுகூட இல்லை. இரண்டாம் வாரம் முழுக்கக் குழந்தைப் பருவம் என்று விளம்பரம் போயாகிவிட்டது. இணையம் காலையிலிருந்தே இல்லை.

நிலையத்தின் மேலாளர் ஊ சோ மின் பர்மியர், நல்ல மனிதர். அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்; கோ, ஸயா என்ற மரியாதைச் சொற்களை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

"கோ சேகர், விருது வாங்கினதை எவனும் ஞாபகம் வச்சுக்க மாட்டான். சின்னப் பிள்ளையில அந்தம்மா என்ன பட்டாங்கன்னு சொல்லுங்க. சமைக்கிறவங்க கரண்டியைக் கீழ வைக்கணும்."

"சரி ஸயா" என்றேன். கரண்டியைக் கீழே வைக்கவைப்பது எனக்குத் தெரிந்த தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

2. மெட்டு அவர்களுடையது

ரேடியோவுக்கு வருமுன் பதினைந்து வருடம் நான் காப்பித் தச்சின் எழுதியவன். தச்சின் என்றால் பாட்டு. அமெரிக்காவிலோ கொரியாவிலோ ஒரு பாட்டு ஓடும். மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு பர்மியச் சொல் வைப்போம். அங்கே நெடுஞ்சாலை என்றிருந்தால் இங்கே படகுத்துறை. அங்கே பனி, இங்கே மழை. யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. மெட்டு அவர்களுடையது, உள்ளே இருக்கும் வலி நம்முடையது. இந்த வழக்கம் கைக்குள் ஊறிப்போயிருந்தது. ஒரு மனுஷியின் வாழ்க்கையையும் மெட்டு மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று கை நினைத்துவிட்டது.

அந்த அமெரிக்கப் பாடகியின் மெட்டுகளுக்கு நான் எழுதிய சொற்களையெல்லாம் பாடியவள் தனம். யாங்கோனின் போட்டாதாங் பேட்டையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மேடையில் மா கேத்தி, வீட்டில் தனம். கல்யாணக் கச்சேரிகளில் அவளைத்தான் அந்தப் பாடகியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

"அந்தம்மா ஸ்டேடியத்துல பாடுது, நான் தகரக் கொட்டாயில பாடுறேன்" என்பாள். "வேர்வை ஒண்ணுதான் அண்ணே."

ஒரு மத்தியானம் ரெக்கார்டிங்கின் நடுவே கரண்ட் போனது, ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. இருட்டு பூத்தின் வாசலில் உட்கார்ந்து அவள் எனக்கு ஒன்று சொன்னாள். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு வரிகளை அடித்தாள். மீதியைத்தான் இங்கே படிக்கிறீர்கள்.

அவள் அப்பா படகுத்துறைக் கிடங்கில் வேலை. அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஞாயிறுதோறும் கோயிலுக்கென்று சொல்லிக் கூட்டிப்போவார். கோயிலுக்கல்ல, படகேறி ஆற்றைக் கடந்து டாலாவுக்கு. அங்கே ஒரு வீடு, வீட்டில் ஒரு பெண். "பாடும்மா" என்பார் அப்பா. இவள் பாடுவாள். அந்தப் பெண் இவள் சடையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, நாலுகால் பின்னலாகப் பின்னி, நுனியில் வெள்ளை நூல் கட்டி அனுப்புவாள். திரும்பும் படகில் அப்பா சொல்வார்: "அம்மா கேட்டா கோயில் டீச்சர் பின்னிவிட்டாங்கன்னு சொல்லு." அம்மா கேட்டார். இவள் சொன்னாள். நாலு வருடத்தில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார்.

"அம்மாவுக்குத் தெரியாதுண்ணே. தெரியவும் வேணாம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அப்பா போட்டோவுக்குப் பூ வச்சுட்டுத்தான் தோசை வண்டியைத் தள்ளுறாங்க."

3. பின்னல்

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்கு எழுத ஆரம்பித்து ஐந்துக்கு முடித்துவிட்டேன். ஆற்றை ஏரியாக்கினேன். படகுக்கு மோட்டார் வைத்தேன். கிடங்கு மரம் அறுக்கும் மில் ஆயிற்று, கோயில் சர்ச்சாயிற்று. ஞாயிறுதோறும் மகளை அக்கரை வீட்டுக்கு அழைத்துப்போகிற ஒரு தகப்பனை அமெரிக்கப் பாடகிக்கு எழுதிக் கொடுத்தேன்.

பின்னலை மட்டும் மாற்றவில்லை. நாலுகால் பின்னல், நுனியில் வெள்ளை நூல். அதை மாற்றினால் ஸ்கிரிப்ட் செத்துவிடும் என்று தோன்றியது. அந்த வருடம் அதைவிட நல்ல வரி என் கையிலிருந்து வரவில்லை. அதுவும் என்னுடையது அல்ல.

மறுநாள் நிகழ்ச்சியில் பாட வந்தவள் தனம்தான். எனக்குத் தெரியும், அழைத்ததே நான். கேட்டால் ரசிப்பாள் என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதக் கூசுகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு அவள் நின்றாள். அறிவிப்பாளர் பெண் நல்ல குரலில், அவசரமில்லாமல் படித்தாள். மோட்டார்ப் படகு வந்தபோது தனம் மைக்கைத் தன் உயரத்துக்குச் சரி செய்துகொண்டிருந்தாள். சடையை அவிழ்க்கும் இடம் வந்தபோது கை நின்றது. வெள்ளை நூல் வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. தெருவில் தன் வீட்டுச் சாமானை வேறொருவர் தலையில் பார்த்தது போன்ற பார்வை. சிவப்பு விளக்கு எரிந்தது. பாடினாள். ஓர் இடத்தில்கூடத் தாளம் தப்பவில்லை.

பாடி முடித்து நடைவழிக்கு வந்தாள்.

"புத்தகத்துல அப்படியாண்ணே இருக்கு?"

"இல்ல தனம்."

"அம்மா இந்நேரம் வண்டிகிட்ட இருப்பாங்க. கேட்டிருக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் திரும்பப் போடுவீங்கல்ல?"

"போடுவாங்க."

"அன்னைக்கு வண்டி கிடையாது. ரேடியோகிட்டயே உக்காந்திருப்பாங்க. நான் பாடின நிகழ்ச்சின்னா விடமாட்டாங்க. எனக்கு பகோவில கச்சேரி. வீட்ல இருந்தேன்னா ரேடியோவை ஒடைச்சாவது வச்சிருப்பேன். அந்த இடத்தை எடுத்துருங்கண்ணே. வேற ஒண்ணும் கேக்கல."

"நான் பாத்துக்குறேன்" என்றேன். நம்பித்தான் பகோவுக்குப் போனாள்.

4. ஒரு வார்த்தை

ஊ சோ மின் அறையில் போன் ஓயவில்லை.

"கோ சேகர், ஒரு அம்மா சோறு தீஞ்சுபோச்சுன்னு என்னை ஏசுறாங்க. ஒருத்தர் அந்த அப்பன்காரன் அட்ரஸ் கேக்குறார், போய் அடிக்கணுமாம். இப்படி ஒரு வாரம் நமக்கு அமைஞ்சதே இல்லை."

"ஸயா, ஞாயித்துக்கிழமை போடுறப்ப அந்தப் பின்னல் இடத்தை எடுத்துரலாமா? கொஞ்சம் நீளமா இருக்கு."

"அதை எடுத்தா என்னய்யா மிச்சம் இருக்கு?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன், தப்பா ஏதாவது போயிருச்சா? புத்தகத்துல இருக்குல்ல?"

மிரட்டலில்லை, சந்தேகமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பகுதியை எடுத்திருப்பார், என்னையும் எடுத்திருப்பார். அடுத்த தொடரும் எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள்.

"இருக்கு ஸயா" என்றேன்.

வெள்ளியும் சனியும் அந்த அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். கடைசியில் ஞாயிறு மத்தியானம் போட்டாதாங்கில் கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொள்கிறபோதே தெரிந்தது, அம்மாவின் ரேடியோ பேட்டரியில் ஓடுவது.

திங்கட்கிழமை தனம் போன் செய்தாள்.

"பகோவிலிருந்து வந்து செருப்பைக் கழட்டுறேன், அம்மா கேட்டாங்க: உனக்கு டீச்சர்தானே பின்னிவிட்டாங்க? எட்டு வயசுல பொய் சொன்னேன். நாப்பது வயசுல வாய் வரலை."

"என்ன சொன்னாங்க?"

"எனக்குச் சொல்லல, ரேடியோக்காரனுக்குச் சொல்லியிருக்கன்னாங்க. அவ்வளவுதான். காலையில தன்லியினுக்குப் போயிட்டாங்க, சித்தி வீட்டுக்கு. போட்டோவைக்கூடக் கழட்டலண்ணே. கழட்டி எறிஞ்சிருந்தா நானும் சேந்து அழுதிருப்பேன். அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க."

நான் வாய் திறக்குமுன், "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

ஆறு வாரமும் முடிந்தது. எனக்குப் பாராட்டு வந்தது. அந்த அமெரிக்கப் பாடகியின் மெட்டுகளைத் தனம் அதன்பிறகு பாடவில்லை. கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள். அந்தப் பாட்டுக்காகவே கூப்பிட்டவர்கள் மெல்ல மெல்ல வேறு பெண்ணைக் கூப்பிட்டார்கள். ஞாயிறுகளில் அம்மாவைப் பார்க்கப் பாலம் தாண்டிப் பஸ்ஸில் போவாள். சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதற்கு மேல் அம்மா பேசுவதில்லை என்று யாரோ சொன்னார்கள்.

5. தன்லியின்

போன மழைக்காலத்தில்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. தொழிற்சாலை ஆட்கள் நெருக்கியடித்த பஸ்ஸில் நின்றுகொண்டே தன்லியினுக்குப் போனேன். அம்மா தங்கை வீட்டு வாசலிலேயே தோசைக்கல் போட்டிருந்தார்.

"வாங்க தம்பி. தலை நரைச்சுப்போச்சு உங்களுக்கு. உக்காருங்க."

உட்காராமல் சொன்னேன். தனம் அதை ரேடியோவுக்காகச் சொல்லவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டேன். நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். நிறுத்தக்கூடியவனாக இருந்தும் நிறுத்தவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே வந்த சொற்கள்.

தோசையைத் திருப்பிப் போட்டார்.

"அவ எங்கிட்ட மறைச்சதுக்கு அவகிட்ட நான் பேசிக்கிறேன். அது எங்க வீட்டு விஷயம். ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த அமெரிக்காக்காரப் பொண்ணோட அப்பா, நெசத்துல எப்படிப்பட்ட ஆளு?"

"தெரியாதும்மா."

"அவர் அக்கரைக்குப் போனாரா?"

"அதை நான்தான் எழுதினேன்."

"அந்தப் பொண்ணோட அம்மா இருக்காங்களா?"

"தெரியாதும்மா."

"ஆறு வாரம் அவங்க கதையைச் சொல்லியிருக்கீங்க, தம்பி."

தோசையை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் செஞ்சதுக்குப் பேச்சு வாங்குறார். அந்த மனுசன் என்ன செஞ்சார்?"

இத்தனை வருடத்தில் தனத்தை நினைத்திருக்கிறேன், அம்மாவை நினைத்திருக்கிறேன். எங்கோ ஒரு சின்ன ஊரில், என் மொழியே கேட்டிராத ஒரு மனிதர்மேல் நான் ஓர் அக்கரை வீட்டைக் கட்டி வைத்தது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. பிரபலமானவரின் வாழ்க்கை பொதுச்சொத்து என்று நினைத்திருந்தேன், மெட்டைப் போலவே. தட்டை வாங்கித் தோசையைத் தின்றேன். மிச்சம் வைக்கவில்லை. வைத்தால் அதற்கும் ஏதாவது கேட்பார் என்ற பயம்.

6. மறுப்பு

அந்த நிகழ்ச்சி இப்போது நிலையத்தில் இல்லை. நானும் இல்லை. ஆனால் பின்னல் வாரம் மட்டும் சாகவில்லை. யாரோ பதிவு செய்து வைத்திருந்து போனில் ஏற்றிவிட்டார்கள். நாள் தவறாமல் யாராவது எடுத்துப் பகிர்கிறார்கள். கீழே அந்தத் தகப்பனை வைது வரிசையாக எழுதுகிறார்கள். அழுததாகவும் எழுதுகிறார்கள்.

தன்லியினிலிருந்து திரும்பிய வாரம் அதன் கீழே பர்மிய மொழியில் எழுதினேன்: "இந்தத் தகப்பன் கதை பொய். எழுதியவன் நான்." கீழே என் முழுப்பெயர்.

கால்மணி நேரத்தில் பதில் வந்தது. "அந்தாளுக்கு வக்காலத்து வாங்க யாங்கோனிலயும் ஒருத்தன் இருக்கானா?" இன்னொருவர்: "மா கேத்தி பாடுறதைக் கேட்டுட்டுமா பொய்ங்கிற? உனக்கு அம்மா இல்லையா?" அதற்கு நூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

இப்போது ரேடியோவுக்கும் போனுக்கும் அடுத்தவர் வாழ்க்கையை எழுத வரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல இருப்பது இதுதான். படித்த பொய்யை ஜனங்கள் திருத்திக்கொள்வார்கள். அழுது கேட்ட பொய்யை விடமாட்டார்கள். விட்டால் அழுத அழுகையும் பொய்யாகிவிடும். ஆகவே அழவைக்கிற வரி கைக்கு வரும்போது அங்கேயே நின்று, இது யாருடையது, இது யார் தலையில் விழும் என்று இரண்டு பேரை விசாரியுங்கள். எழுதிய பிறகு விசாரிக்க முடியாது. நான் முயன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது பகிரும்போதெல்லாம் அதே இரண்டு வரியை மறுபடி எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் வேறொருவர் பகிர்ந்துவிடுகிறார்.