முதல் நடை வேன் பிள்ளைகள்

2025 ஜூலை 15, செவ்வாய். மலேசியாவின் கிள்ளானில் உள்ள என் வீட்டில் சப்பாத்தி சுட்டுக் கட்டிக்கொண்டு ஆறே முக்காலுக்குப் பள்ளி வந்துவிட்டேன். அந்த வாரம் எனக்குக் காலைக் கண்காணிப்பு. மற்ற நாளில் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

சிற்றுண்டிச்சாலை மேசைகளில் தலைசாய்த்துச் சில பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் முதல் நடை வேனில் வருபவர்கள். இவர்களை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுநர் அடுத்த நடைக்குப் போகவேண்டும். அவர்களில் மூன்றாம் படிவத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், என்னிடம் கணிதம் படிக்கும் மாணவி ஒருத்தியும் இருந்தாள்.

அடுத்த ஆண்டு கூடுதல் கணிதம் என்ற விருப்பப் பாடத்தை எடுக்க ஆசைப்படுபவள். ஆண்டிறுதித் தேர்வில் புள்ளிகள் ஏறினால்தான் இடம் கிடைக்கும். வகுப்பில் நன்றாகப் புரிந்துகொள்வாள். தேர்வில் நீளமான கணக்குகளைப் பாதியில் விட்டுவிடுவாள். அவற்றுக்கு நான் பயிற்சி கொடுப்பது வியாழன் மதியக் கூடுதல் வகுப்பில். அதற்கு அவள் வந்ததே இல்லை.

"அந்தப் புள்ளைக்கு ஆர்வம் இல்ல டீச்சர்," என்றார் ஓய்வு நேரத்தில் பக்கத்து மேசை அறிவியல் ஆசிரியை. நான் யோசித்துப் பார்த்தேன். மதிய வகுப்புக்கு வேன் பிள்ளை ஒருவர்கூட வருவதில்லை. வருகிறவர்களை அழைத்துப்போக வீட்டிலிருந்து கார் வரும். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையாம், அழைத்துப்போக ஆளில்லையாம்.

"பள்ளி முடிஞ்சதும் வேன் போயிடும் டீச்சர். விட்டா எங்க வீட்டுக்கு, தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் நடக்கணும். நீங்க கூட வரீங்களா?"

நேராகப் பள்ளி முதல்வரிடம் போய், வகுப்பை மறுநாளிலிருந்தே காலை ஆறே முக்காலுக்கு மாற்ற அனுமதி கேட்டேன். கார் பிள்ளைகள் வருவார்களா என்றார். கார் இருக்கிற வீட்டில் எந்நேரமும் கொண்டுவந்து விடுவார்கள், வேனில் வருபவர்களுக்குத்தான் நேரம் அவர்கள் கையில் இல்லை என்றேன். தலையசைத்தார்.

"ஆறே முக்காலுக்குக் கோழிகூட கணக்கு போடாது லா," என்று கேலி செய்தார் அறிவியல் ஆசிரியை.

"கோழிக்குப் பரீட்சை இல்லையே," என்றேன்.

வேன் ஏறுமுன் அவளிடம் சொன்னேன்.

"அப்ப என் தூக்கம்?"

"மேசையில தூங்கினா கழுத்துதான் வலிக்கும்."

"கணக்கு போட்டா தல வலிக்கும் டீச்சர்." சிரித்துக்கொண்டே ஏறினாள். வருவாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, சிற்றுண்டிச்சாலையை ஒட்டிய வகுப்பறையைத் திறந்து விளக்கைப் போட்டு, போன தேர்வில் அவள் பாதியில் விட்ட கணக்கைப் பலகையில் எழுதினேன். வெளியே வேன் வந்து நின்றது. முதலில் உள்ளே வந்தவள் அவள்தான்; பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் மார்க்கருக்குக் கை நீட்டினாள்.