விளம்பரத்துக்குப் போன கை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மச்சானோடு சேர்ந்து இரண்டு நாற்காலி போட்ட சலூன் நடத்திவந்தார் அவர். ஒருநாள் சவரத்துக்கு உட்கார்ந்த ஒரு விளம்பரக்காரர், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்த இவருடைய இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீள விரல்கள், நரம்பு தெரியாத மணிக்கட்டு.

"இந்தக் கையை எனக்குக் கொஞ்சம் குடுங்களேன்" என்றார். சலூனே சிரித்தது.

ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விலை உயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றின் விளம்பரம் அது. முகம் ஒரு நடிகருடையது. அந்த நடிகரின் விரல்களோ கட்டை குட்டை; அதனால் கை மட்டும் இவருடையது. படப்பிடிப்பில் இரண்டு பேர் கையுறை போட்டுக்கொண்டு இவருக்குக் கடிகாரத்தைக் கட்டினார்கள்.

"சார், இது டைம் கரெக்டா காட்டுமா?" என்று கேட்டார் இவர்.

"டைம் பாக்கத்தான் போன் இருக்கே. இதைக் கட்டினா நாம வேற ஆளுன்னு தோணணும். அந்த நெனப்பைத்தான் விக்கிறோம்" என்றார் விளம்பரக்காரர்.

அன்று இவருக்குச் சிரிப்பு வந்தது. நாற்சந்தி விளம்பரப் பலகையில் வீடு உயரத்துக்குத் தன் கையைப் பார்த்தபோது வரவில்லை. அண்ணாந்து பார்த்துப் போகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடிகாரத்தைப் படப்பிடிப்பு முடிந்ததுமே கழற்றி வாங்கிவிட்டார்கள். வேற ஆள் என்ற நினைப்பு மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

அடுத்த விளம்பரத்துக்கும் இந்தக் கை வேண்டும், அதில் கீறல் கூடாது, வெயில் கூடாது, முடிச்சாயம் படவே கூடாது என்றார்கள். சலூனை மச்சானிடம் விட்டார். தண்ணீர் வாளி, துணி பிழிவது, சிலிண்டர் உருட்டுவது எல்லாம் மனைவி தலையில் விழுந்தது.

"மகாராஜா, அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க, கும்பிட்டுக்கிறேன்" என்று அவளும் கேலி பேசிக்கொண்டே செய்தாள்.

ஒரு மாலை மகள் மாடிப்படியில் கால் இடறினாள். அவர் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றார். ஓரத்தில் கைப்பிடிக் கம்பி உடைந்து துருவேறி நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையைப் பிடிக்க நீண்ட கை, கம்பியைக் கண்டதும் தானாகப் பின்னால் போனது. மகள் உருண்டுபோய்க் கீழே விழுந்தாள். முழங்கை எலும்பு முறிந்தது.

மேலே நின்ற மனைவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"புள்ள விழுறா, நீங்க கையை மறைச்சுக்கிட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேலிப் பேச்சு இல்லை. எலும்பு கூடியது. மகள், அப்பா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

அடுத்த விளம்பரத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. நேரில் போய்க் கேட்டார்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே கை செஞ்சிடுறோம். உங்க கையைப் பாத்துச் செஞ்சதுதான். இன்னும் நல்லாவே வந்திருக்கு" என்றார் விளம்பரக்காரர்.

மறுபடி சலூனுக்கு வந்தார். பழைய வாடிக்கையாளர்கள் மச்சானின் நாற்காலிக்காகக் காத்திருந்தார்கள். கத்தரிக்கோல் பிடித்த விரல்களில் கொப்புளம் வந்தது. வழிதவறி வந்ததுபோல் இவர் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர், பத்திரிகையில் அந்தக் கம்ப்யூட்டர் கை வந்திருந்த புது விளம்பரத்தை விரித்துக் காட்டினார்.

"பிறவிப் பணக்காரன் கைன்னா இதுதாங்க. நாமெல்லாம் என்ன வாட்ச் கட்டினாலும் இப்படி வருமா?"

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று இவர் தலையசைத்தார்.

"வராது சார்" என்று சொல்லி, நுரை தடவ ஆரம்பித்தார். மச்சானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷன் கேலிக்குச் சொல்லவில்லை; நம்பித்தான் சொன்னார்.