குட்டைச் சவாரிக்காரர்

நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் மஞ்சள் டாக்ஸிகள் காத்துக் கிடக்கும் மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே எவன் வாயிலும் நல்ல வார்த்தை வாங்காத ஒரே விஷயம் குட்டைச் சவாரி. காலையில் வாங்கிய காபி கையில் ஆறி, மதியச் சாப்பாடும் முடிந்து, ஒருவழியாக முறை வந்து பயணிகள் வாசலுக்குப் போய் நிற்போம். மன்ஹாட்டன் போகிற கோட்டுக்காரர் முன் வண்டியில் ஏறிப் போய்விடுவார். நமக்கென்று ஆறு பெட்டியோடு ஒரு குடும்பம் வரும். எங்கே போகணும் என்று கேட்டால் ஜமைக்கா என்பார்கள். தீவு இல்லை, பக்கத்துப் பேட்டை. ரேடியோவில் நாலு பாட்டு முடிவதற்குள் இறக்கிவிட்டு நிற்போம். அரை நாள் காத்திருந்தது இதற்குத்தானா என்று வயிறு எரியும்.

அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாக ஒரு சீட்டு தருவார்கள். அதில் போட்டிருக்கும் நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டால் மைதானத்தில் காத்திருக்க வேண்டாம், நேரே வாசலுக்குப் போய் அடுத்த ஆளை ஏற்றலாம். நேரம் தாண்டிவிட்டால் சீட்டு வெறும் காகிதம், வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். அதனால் சீட்டு வாங்கினவன் சாமி வந்தவன் மாதிரி ஓட்டுவான். நானும் அப்படித்தான் ஓட்டுவேன். யோக்கியன் வேஷம் போட எனக்குத் தெரியாது.

இந்தக் குட்டைச் சவாரிக்கு ஏங்கிய ஒரே ஒரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒஸ்னெல் தெசீர்.

என்னைப் போல அவரும் ஹைதிக்காரர். எனக்கு ஊர் ஜக்மெல், அவருக்கு லே கை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நெட்டை ஆள்; இருக்கையை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். பகல் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற வேலைக்குப் போய் தினமும் பேண்ட்டை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார். அதிகம் பேசமாட்டார். டாமினோ மட்டும் ஆடுவார். அதுவும் படுமோசமாக.

மைதானத்தில் வங்காளிகள் ஒரு பக்கம் டீ குடிப்பார்கள், பஞ்சாபிகள் ஒரு பக்கம் அரசியல் பேசுவார்கள், நாங்கள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு டாமினோ ஆடுவோம். எங்கள் ஊர் வழக்கப்படி தோற்றவன் முகத்தில் துணிக் கிளிப்பு மாட்டுவோம். காது, மூக்கு, உதடு, எங்கே சதை கிடைக்கிறதோ அங்கே. அடுத்த ஆட்டம் ஜெயித்தால்தான் ஒன்றைக் கழற்றலாம். ஒஸ்னெல் அண்ணனின் காது எப்போதும் சிவந்தே இருக்கும்.

"அண்ணே, உங்க மூஞ்சியப் பாத்தா துணி காயப் போடலாம் போல இருக்கு" என்பான் தியேசெல். வாய்தான் அவனுக்கு மூலதனம்.

"உன் வாய்க்கு ஒண்ணு மாட்டுனா ஊருக்கு நல்லது" என்பார் அண்ணன். சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்திலும் தோற்பார்.

அந்த வருஷம் கோடையில் அவர் மனைவி இவ்ரோஸ் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. ஜமைக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேச்சு போய்விட்டது, ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பெரிதாக எதுவும் செய்வதற்கில்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம், மாதக்கணக்கிலும் இழுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவ்ரோஸ் அக்கா முதியோர் இல்லத்தில் கிழடுகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற வேலை பார்த்தவர். எத்தனையோ பேர் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் செத்துப்போனதைப் பார்த்தவர். படுக்கையில் விழுவதற்கு வெகுநாள் முன்பே புருஷனிடம் ஒன்று கேட்டு வைத்திருந்தார். அதை அண்ணன் ஒரு தடவை எங்களிடம் சொன்னார்.

"'எல்லாரும் செவுத்தப் பாத்துக்கிட்டே போறாங்க ஒஸ்னெல். எனக்கு அப்படி வேணாம். நான் போறப்ப நீ பக்கத்துல இருக்கணும்'னா. சரின்னுட்டேன்."

அவ்வளவுதான் அவர் அந்த அம்மாளுக்குக் கொடுத்த வாக்கு. கொடுப்பது சுலபம். வண்டி வாடகை வண்டி. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கராஜ்காரன் பணம் கேட்பான். ஆஸ்பத்திரியிலேயே உட்கார முடியாது. மைதானத்து வரிசையை விட்டு நடுவில் போகவும் முடியாது, போனால் அன்றைய பிழைப்பு போச்சு. ஆனால் ஜமைக்காவுக்கு ஒரு குட்டைச் சவாரி கிடைத்தால், ஆளை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் நுழைந்து, அக்காவின் முகத்தைத் துடைத்து, கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, சீட்டு செத்துப்போவதற்குள் திரும்பிவிடலாம். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போய்ப் பார்க்கலாம். எந்தத் தடவையாவது அந்த நேரமாக அமையும் என்று கணக்குப் போட்டார்.

விஷயம் தெரிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ஏற்பாடு என்றால் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. வேண்டாத குட்டைச் சவாரியை அவர் தலையில் கட்டுவதுதான்! எங்களுக்கும் லாபம், புண்ணியமும் சேரும். வாசலில் ஆள் ஏற்றிவிடுகிற சார்லீன் அம்மாவும் கூட்டு. எல்லாரையும் கண்ணு, தங்கம் என்று கூப்பிட்டே விரட்டுகிற பொம்பளை.

"ஒஸ்னெல் கண்ணு, ஜமைக்கா! எடுத்துக்கிட்டு ஓடு!" என்று அவர் கத்தினால் முன்னால் நிற்கிற இரண்டு வண்டிகள் வாயைத் திறக்காமல் வழிவிடும். நியூயார்க்கில் டாக்ஸிக்காரன் வழிவிடுவதை நீங்கள் வேறு எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

திரும்பி வந்ததும் கேட்போம். "அக்கா எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான் இருக்கா."

தினமும் அதே பதில். கேட்டுக் கேட்டு, பிறகு நாங்களும் பதிலுக்குக் காத்திராமல் டாமினோவைக் கலைத்துப் போட ஆரம்பித்தோம்.

நவம்பரில் ஒருமுறை அண்ணன் சில நாள் வரவில்லை. வந்ததும் கேட்டதற்கு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது என்றார். அதன் பிறகு ஆட்டத்தில் இன்னும் மோசமானார். கையில் ஆறு-நாலு கட்டையை வைத்துக்கொண்டே இல்லை என்பார். காதில் மாட்டின கிளிப்போடு அப்படியே வாசலுக்குப் போய்விடுவார். ஒருநாள் பயணியே தோளைத் தட்டி, சார் உங்க காதுல என்னமோ இருக்கு என்றாராம். தியேசெல் அதை நடித்துக் காட்டி மைதானத்தையே சிரிக்க வைத்தான். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"அண்ணே, வலிக்கவே வலிக்காதா உங்களுக்கு?"

"மாட்டுனது மறந்துபோச்சுடா" என்றார்.

புது வருஷம் பிறந்தது. ஜனவரி ஒன்று எங்களுக்குச் சுதந்திர தினம். எந்த ஹைதிக்காரன் வீட்டிலும் பூசணிக்காய் சூப் கொதிக்காமல் அடுப்பு அணையாது. என் மனைவி மகலி ஒரு பிளாஸ்கில் சூப் ஊற்றிக் கொடுத்தாள். "நீ குடிச்சிடாத. இவ்ரோஸ் அக்காவுக்கு. முழுங்க முடியலன்னா உதட்டுலயாவது தொட்டு வைக்கச் சொல்லு. சூப் இல்லாம எப்படி வருஷம் பொறக்கும்?"

அன்று காலை மைதானத்தில் டாமினோ அமர்க்களம். அண்ணன் தோற்றார், கிளிப்பு மாட்டினோம். அவருக்குச் சீக்கிரமே ஜமைக்கா கிடைத்தது; நான் பிளாஸ்கை எடுத்துக் கொடுப்பதற்குள் போய்விட்டார். பின்னாலேயே எனக்கும் ஒரு ஜமைக்கா விழுந்தது. வழக்கமாகத் திட்டியிருப்பேன். அன்று பிளாஸ்க் இருந்ததால், சரி, அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சந்தோஷமாகவே ஏற்றிக்கொண்டேன்.

ஆளை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாம் மாடி, அண்ணன் சொன்ன அறை. கட்டிலில் மீசை வைத்த ஒரு கிழவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸிடம் பெயரைச் சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த பிளாஸ்கைப் பார்த்தாள். "நீங்க சொந்தமா? அவங்க நவம்பர்லயே, தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடியே போயிட்டாங்களே."

லிப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கினேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு சாவைச் சொல்லக்கூட நாங்கள் ஆகாதவர்களா? செத்தவருக்காக எங்கள் ஊர் வழக்கப்படி வைக்கிற ஒன்பது நாள் ஜெபத்துக்கு அந்த மைதானமே திரண்டு வந்திருக்குமே! இத்தனை நாளும் அப்படியேதான் இருக்கா, அப்படியேதான் இருக்கா என்று எங்களை முட்டாளாக்கியிருக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எதிரே சலவைக்கடை வாசலில் அவர் வண்டி நின்றிருந்தது. இன்ஜின் ஓடவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் வைத்து, ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலது காதில் காலையில் மாட்டின கிளிப்பு அப்படியே இருந்தது. கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எங்கடா இங்க?" என்றார்.

"அக்காவுக்கு சூப் கொண்டாந்தேன்."

பிளாஸ்கைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லியிருக்கலாம்ல அண்ணே? நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?"

"சொல்லணும்னுதான் மைதானத்துக்கு வந்தேன் ரெனல். வந்த உடனே சார்லீன் ஜமைக்கான்னு கத்துனா. நீங்க எல்லாரும் வழி விட்டீங்க. எடுத்துட்டுப் போயிட்டேன். மறுநாளும் அப்படியே ஆச்சு."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எங்க அடக்கம் பண்ணீங்க?"

"மயாமில. அவ அண்ணன் கூட்டிட்டுப் போயிட்டாரு. அவங்க அம்மா பக்கத்துல."

"ஏர்போர்ட்டுக்கு வண்டியிலயா போனீங்க?"

"ரயில்ல."

டாக்ஸிக்காரன் விமான நிலையத்துக்கு ரயிலில் போவதா? எங்கள் பயணிகளைப் பறிக்கிற அந்த ரயில் வந்த நாளிலிருந்து அதைச் சபிக்காத ஆள் எங்களில் யாரும் இல்லை. வேறு சமயமாக இருந்தால் ஒரு மாதத்துக்கு அவரைக் கிண்டலடித்திருப்பேன்.

"ரொம்ப சீக்கிரமாப் போயிடுதுடா அது. எங்கயும் மாட்டிக்கல" என்றார். பிறகு அதே குரலில், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "அவ போன அன்னைக்கு சார்லீனுக்கு லீவு. எனக்கு மன்ஹாட்டன் விழுந்துச்சு. மீட்டிங்குக்குப் போற ஆளு. சுரங்கப் பாதையில வண்டி நகராம நிக்குது. வேற வழி இல்லையா, வேற வழி இல்லையான்னு கேட்டுக்கிட்டே வர்றாரு. இதான் சீக்கிரம்னு சொன்னேன். உள்ள போன் எடுக்காதுல்ல. வெளிய வந்ததும் ஒரேயடியா அடிச்சுது. நர்ஸ் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கா. எடுத்துப் பேசுனேன். அப்புறம் அவரக் கொண்டு போய் எறக்கிவிட்டேன். நல்லா சீக்கிரமாக் கொண்டாந்தீங்கன்னு கையக் குடுத்துட்டுப் போனாரு."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்புறம் ஏன் அண்ணே இங்க வந்து நிக்கிறீங்க?"

கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த சீட்டைக் காட்டினார். "இதுல திரும்பி வர நேரம் போட்டிருக்குடா. இங்க வந்து உக்காந்தா, இத்தனை மணிக்குள்ள கெளம்பிடணும்னு இருக்கு. வீட்ல போய் உக்காந்தா எப்ப எந்திரிக்கணும்னு யாரும் சொல்றதில்ல."

சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். "நேரமாச்சு. உன் சீட்டும் போயிடப் போகுது, கெளம்பு." சாவியில் கை வைத்தார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "போகட்டும் அண்ணே. ரெண்டும் போகட்டும். இன்னைக்கு வாலுலயே போய் நிப்போம்."

பிளாஸ்கைத் திறந்து மூடியில் சூப் ஊற்றி நீட்டினேன். பூசணியும் கிராம்பும் மணத்தன. வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். சீட்டில் போட்டிருந்த நேரம் கடிகாரத்தில் வந்தது, கடந்தும் போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

நான் எட்டி அவர் காதிலிருந்து கிளிப்பைக் கழற்றினேன். சதை வெளுத்து, பல் பதிந்த தடம் ஆழமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதில் ரத்தம் ஏறிச் சிவந்தது. அவர் மூடியை மடியில் வைத்துவிட்டுக் காதைத் தடவினார். முகம் மெதுவாகச் சுருங்கியது.

"ரெனல், வலிக்குதுடா" என்றார்.