அப்பா செய்த மிராஜ்

நியூஜெர்சியில் பள்ளி வருஷத்தின் நடுவில் என்னைப் பிடுங்கி டெக்சஸில் நட்டார்கள். பேர்லேண்ட் என்ற அந்த ஊரில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் ஏற்கெனவே சிநேகிதர்கள் இருந்தார்கள். புதிதாக ஒருத்தி யாருக்கும் தேவைப்படவில்லை. பால் வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டிய ஊரில், தெருவில் இறங்கி யாரோடும் விளையாடவும் வழியில்லை. மதியச் சாப்பாட்டை மேஜையின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அழுகை வரும்போது தண்ணீர் குடித்துக்கொள்வேன்.

ஐந்தாம் வகுப்பில் நாடுகள் தினம் என்று ஒன்று வந்தது. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு பிரான்ஸ் கிடைத்தது. இந்தியா ஒரு செம்பட்டை முடிப் பையனுக்குப் போயிற்று. ஆளுக்கொரு மேஜை, பெற்றோரும் வரலாம், யாருக்கு எந்த மேஜை பிடிக்கிறதோ அங்கே போய் நின்று பேசலாம் என்றார் டீச்சர். என் மேஜைக்கு ஒரே ஒருத்தி வந்து நின்று, மறுநாள் சாப்பாட்டு நேரத்திலும் என்னோடு பேசினால் போதும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவைத்தேன்.

நம்மவர் வீடுகளில் பிள்ளையின் ப்ராஜெக்டைப் பிள்ளையிடம் விட்டுவைக்கிற வழக்கம் கிடையாது. "ஈஃபில் டவர் எல்லாரும் பண்ணுவாங்க. நாம மிராஜ் பண்ணலாம்" என்று அப்பா சொன்னதோடு என் பங்கு முடிந்துவிட்டது. அணுகுண்டு போடுவதற்கென்றே பிரான்ஸ் செய்த முதல் மிராஜ் விமானம் அது. அந்த வேலையிலிருந்து அதை விடுவிக்கிறார்கள் என்று அப்போதுதான் பேப்பரில் வந்திருந்தது. ஏதோ ஒன்றுவிட்ட பெரியப்பா ரிடையராவதைப் போல அப்பா அதற்கு வருத்தப்பட்டார்.

அப்பாவுக்கு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் அவர் பேசுவதே அபூர்வம். கராஜில் ஆள் மாறிவிட்டார். டிவி வந்த பெட்டியின் தெர்மோகோலைச் சீவி உடம்பு செய்தார். காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் வந்த அட்டையில் முக்கோண இறக்கை, வயிற்றுக்கடியில் குண்டுக்குப் பதிலாக ஃபிலிம் ரோல் டப்பா. கை ஓயாததுபோல் வாயும் ஓயவில்லை. முதலில் இருந்த சின்னப் போர் விமானத்தை எப்படிப் பெரிதாக்கினார்கள், எதற்கு இரண்டு எஞ்சின், இன்னும் பெரிய ஒன்றைத் திட்டம் போட்டுச் செலவு தாங்காமல் ஏன் கைவிட்டார்கள், எல்லாம் சொன்னார். நான் பசை டியூபைப் பிடித்துக்கொண்டு ஓகே டாட், ஓகே டாட் என்றேன். என் கவலை மேஜையைப் பற்றி.

நாடுகள் தினத்தன்று அப்பா அரை நாள் லீவு போட்டு டை கட்டிக்கொண்டு வந்தார். செம்பட்டைப் பையனின் அம்மா என் அம்மாவுக்கு ஃபோன் செய்து சமோசா கேட்டிருந்தாள். அம்மாவும் மறுக்கத் தெரியாமல் ஒரு பெரிய தட்டு நிறையச் செய்து கொடுத்தாள். ஹாலே அந்த மேஜையில் கூடியிருந்தது. எங்கள் மேஜையில் நான், அப்பா, ஒரு குண்டுவீச்சு விமானம். அப்பா அதன் மூக்கை அடிக்கடி சரிசெய்தார். யாரும் வராததால், இறக்கையின் கதையை மறுபடியும் எனக்கே தமிழில் சொன்னார்.

கடைசியில் என் வகுப்புப் பெண் ஒருத்தி, கையில் எங்கள் வீட்டுச் சமோசாவோடு வந்தாள். இது எங்கே போகும் என்று கேட்டாள். ரஷ்யாவுக்கு என்றேன். திரும்பி எப்படி வரும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அப்பா குனிந்து, தன் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார்: போவதற்கு எரிபொருள் இருக்கும், திரும்புவதற்குப் பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவிடம் வாங்கிய டேங்கர் விமானம் நடுவானில் ஊற்றினால்தான் உண்டு.

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "வாவ்! ஆர் யூ எ ப்ளேன் எஞ்சினியர்?"

அப்பா விமானத்தைப் பார்த்தார்.

"நோ. கம்ப்யூட்டர்ஸ்."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கடந்து போனபோதுகூட நிற்கவில்லை.

நாடுகள் தினத்தன்று வீடு திரும்பும்போதே காரின் பின்சீட்டில் நான் ஆங்கிலத்தில் கத்தி அழுதேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாளே, ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"ஆமாம்மா. சொல்லியிருக்கலாம்" என்றார் அப்பா.

அப்பா குரோம்பேட்டையில் விமானப் படிப்புப் படித்தவர், பெங்களூரில் விமானம் வடிவமைக்கும் இடத்தில் வேலை பார்த்தவர் என்பதெல்லாம் நான் காலேஜ் போகும்போதுதான் அம்மா வாயிலிருந்து வந்தது. இங்கே அந்த வேலைகள் பெரும்பாலும் சிட்டிசனுக்குத்தான். எங்கள் கிரீன் கார்டே அப்போது வரிசையில் இருந்தது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் கம்ப்யூட்டருக்கு மாறினாராம்.

நாடுகள் தினம் நடந்த அந்த வார இறுதியில் அப்பா மிராஜை ஒரு நைலான் கயிற்றில் கட்டிக் கராஜ் கூரையில் தொங்கவிட்டார். எனக்காகத்தான் மாட்டுகிறார் என்று நினைத்து, எனக்கு அது வேண்டாம், குப்பையில் போட்டுவிடுங்கள் என்றேன்.

நான் கேட்டு அப்பா எதையும் மறுத்ததில்லை. அன்றைக்கு ஏணியிலிருந்து இறங்காமலே, "அது இருக்கட்டும்மா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.