படி ஏற முடிகிறது

அக்காவிடம் ஒரு சீட்டு இருந்தது. அரசு மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்தது. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நிற்க வேண்டும்; குதிகாலை மெல்லக் கீழே இறக்கிப் பத்து எண்ண வேண்டும்; பிறகு உயர்த்த வேண்டும். காலை, மாலை, மூன்று மாதம். அக்கா கரியாலூர்ப் பக்கம் கிராம செவிலியர். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஊர்களுக்கு நடந்து நடந்து, இரண்டு வருடமாகத் தீராத குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். நடையைக் குறைக்காமல் பயிற்சி பலிக்காது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதால், அந்த மூன்று மாதம் மட்டும் கீழே வடக்கனந்தலில் வேலை கேட்டு மனுக் கொடுத்திருந்தாள்.

விசாரணைக்கு அழைத்த நாளில், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் சாலையெங்கும் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. பேருந்து இல்லை. வராவிட்டால் மனு தள்ளுபடி என்று கடிதத்தில் இருந்தது. முந்தின நாளே மலையிலிருந்து இறங்கியிருந்தவள், வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தே வந்தாள். பத்திரிகைக்காக மறியலைப் பார்க்கப் போயிருந்த நான் பாதி வழியில் சேர்ந்துகொண்டேன். மேலதிகாரியின் அலுவலக வாசலில் அவளுக்குக் கால் விறைத்துப்போயிற்று. படியில் நின்று குதிகாலை இறக்கினாள். அப்போதுதான் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார்.

“இன்னாம்மா, ஆபீஸ் வாசல்ல டான்ஸா?”

“எக்சசைசுங்க சார். குதிகாலுக்கு.”

“பஸ்ஸே ஓடல, நடந்தே வந்துட்ட. படி வேற ஏறி எறங்கிக்கினு இருக்க. என்னாலயே இம்மாந்தூரம் நடக்க முடியாதும்மா.”

பின்னால் வந்த கிளார்க் சிரித்தார்.

“ஏறலைங்க சார். குதிகால தொங்கவுட்டுக்கினு நிக்கிறேன்.”

அந்த அதிகாரியும் மருத்துவம் படித்தவர்தான். அக்கா நீட்டிய சீட்டை அவர் வாங்கவில்லை. மனுவின் ஓரத்தில் எழுதினார்: ‘நெடுந்தூரம் நடக்கிறார். படி ஏற முடிகிறது. நிராகரிக்கப்படுகிறது.’ அதில் பொய் என்று எதையும் சுட்ட முடியாது என்பதுதான் இன்றும் என்னைக் கொதிக்க வைக்கிறது. வராவிட்டால் தள்ளுபடி, வந்ததால் நிராகரிப்பு. அன்று மாலை நான் அனுப்பிய செய்தியில் எந்தெந்த இடத்தில் மரம் விழுந்தது என்பதெல்லாம் இருந்தது. இது இல்லை.

அக்கா மலைக்குத் திரும்பினாள். பயிற்சியை விட்டுவிட்டாள். யாராவது பார்த்து எழுதிப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். ஓய்வு பெறும்வரை விந்தி விந்தியே நடந்தாள்.

இப்போது அந்தப் பயிற்சி மருத்துவமனைச் சுவரில் வண்ணப் படமாக மாட்டியிருக்கிறது. சென்ற மாதம் அதன் முன் சற்று நின்றவள் சொன்னாள்: “அந்த தெரபி சார் நல்லவருடா. வலி போறதுக்குக் கத்துக்குடுத்தாரு. வலிக்குதுன்னு நம்ப வைக்க இன்னா பண்ணணும்னு அவுருக்கும் தெரியல.”