சிரிக்காமல் கேட்ட கேள்வி

வேலூரில் ஒரு கருத்தரிப்புச் சிகிச்சை மருத்துவமனையில் நான் நர்சாக இருந்தபோது, ஜவ்வாது மலையிலிருந்து ஒருவர் சக்கர நாற்காலியில் மனைவியோடு வந்தார். புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. கால்கள் நாற்காலியின் மிதிபலகையில்தான் இருக்கின்றனவா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொள்வார்.

ஊசி வழியாக விந்தணு எடுத்த அன்று, "நல்ல அணு கெடச்சிருக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மனைவி மருந்து வாங்கப் போனதும் கேட்டார்.

"சிஸ்டர், கொழந்த என்னுதுதான்னு டாக்டர் ஒரு சீட்டு எழுதித் தருவாங்களா?"

"இன்னாங்க, சந்தேகமா?"

"ஐயோ, எனக்கில்லீங்க. இப்படிக் கெடக்கிறவனுக்கு எப்படிப் பொறந்துச்சுன்னு ஊர்ல அவளத்தான கேப்பாங்க. நான் இல்லாட்டியும் அவ கையில இருக்கட்டும்."

அவருடைய அணுவை வைத்துத்தான் சிகிச்சை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் முறையில் கரு தங்கியது. பெண் குழந்தை பிறந்ததை அவரே போனில் சொன்னார். ஊர் அவர் மனைவியை என்ன கேட்டது என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.